அம்மன் கரைந்த மண்

கொல்கத்தா கார்டன் ரீச்சில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்பக்கம் ஒரு காலி மனை இருக்கிறது. மனை என்று சொன்னால் அதற்குத்தான் பெருமை. இடித்த கட்டடங்களின் செங்கல், காரை, ஓட்டைத் தகரம், உடைந்த கமோடு என்று பாராவில், அதாவது எங்கள் பேட்டையில், இருக்கிறவர்கள் வேண்டாமென்று வீசிய சகலமும் வந்து சேரும் இடம் அது. என் அண்ணா பெண் ஹம்சினி ஒருநாள் சமையலறை ஜன்னல் வழியாக அதை எட்டிப் பார்த்துவிட்டு, இங்கே தோட்டம் போடலாம் அத்தை என்றாள். நான் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினேன்.

என் பெயர் காமு. ரயில்வே தலைமை அலுவலகத்தில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை, ரிடையராக இன்னும் கொஞ்சகாலம் இருக்கிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் நான் அப்புறம் பேசினதில்லை. மூக்கின் மேல் கோபம் உட்கார்ந்திருக்கிறது என்று ஆபீஸில் சொல்வார்கள். சொல்லட்டும், பொய்யில்லை.

அண்ணா மஹாதேவன் பாங்க் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், டாலிகஞ்சில் ஃபிளாட். பெண் விவசாயம் படித்ததையே ஏதோ கைதவறி நடந்துவிட்ட காரியம்போலத்தான் சொந்தக்காரர்களிடம் சொல்வார். படித்து முடித்து பாங்க் பரீட்சை எழுதுவாள், விவசாயக் கடன் கொடுக்கிற நாற்காலி ஒன்று கிடைக்கும் என்று மனக்கோட்டை கட்டியிருந்தார். அவள் அந்தப் பரீட்சைக்குப் போகவேயில்லை. அப்பாவோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டு ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த பெண்ணைப் போ என்று சொல்ல எனக்கு மனசில்லை. எனக்கும் பேச்சுத்துணை வேண்டியிருந்தது.

ஹம்சினிக்கு வேண்டியிருந்தது தோட்டம் மட்டுமில்லை, பிள்ளைகள். கிளப் வாசலில் காலையிலிருந்து கேரம் ஆடுகிற பையன்கள், காலேஜுக்குப் போகிற வழியில் போனைத் தவிர வேறெதையும் பார்க்காத பெண்கள், கப்பல் பட்டறையில் ஒப்பந்த வேலை வருமா வராதா என்று காத்திருக்கிறவர்கள் எல்லாரும் அவள் கண்ணில் பட்டார்கள். நகரத்தில் பிறந்தவனுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் தன்மேலேயே ஒரு மதிப்பு வரும் என்பாள். எனக்கு அதெல்லாம் பிரசங்கமாகத்தான் பட்டது. ஆனால் அவள் பிரசங்கம் செய்யவில்லை, தனியாக நின்று காரை அள்ளினாள். பையன்கள் மதில்மேல் உட்கார்ந்து கேலி செய்தார்கள். கேலி அலுத்துப்போனதும் சுப்ரியா என்ற காலேஜ் பெண் முதலில் மதிலைத் தாண்டிக் குதித்துக் கூடையைப் பிடித்தாள். பெண் குதித்த பிறகு பையன்களால் சும்மா உட்கார முடியுமா. ஒரு மாசத்தில் கேரம் போர்டில் தூசி படிந்துவிட்டது. அவள் எல்லாருக்கும் ஹம்சினிதி, அதாவது ஹம்சினி அக்கா ஆனாள். அவளுக்கு அத்தை என்பதால் நான் எல்லாருக்கும் பிஷி ஆனேன். ஆபீஸில் என்னைக் கண்டால் ஃபைலுக்குப் பின்னால் ஒளிகிறவர்கள் இந்தப் பிள்ளைகள் என்னைப் பிஷி பிஷி என்று கூப்பிடுவதைப் பார்த்து வாய் பிளந்தார்கள்.

காரையை அள்ளி முடித்த பிறகுதான் அடியில் மண்ணே இல்லை என்று தெரிந்தது. தோண்டத் தோண்டச் செங்கல் பொடியும் கரித்தூளும். லாரி மண் வாங்க அந்தப் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகாது, அப்பாவிடம் கேட்க ஹம்சினிக்கு ரோஷம்.

எங்கள் வீடுகளில் பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார்தான். வர்ணம் பூச மாட்டோம். வெறும் மண், கண்ணுக்கு இரண்டு குண்டுமணி, மேலே ஒரு காகிதக் குடை. ஊரில் என்றால் கிணற்றில் விடலாம். கொல்கத்தாவில் கிணற்றுக்கு எங்கே போவது. பூஜை முடிந்ததும் வாளித் தண்ணீரில் கரைத்துத் துளசிக்கும் செம்பருத்திக்கும் ஊற்றிவிடுவோம். இங்கே எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அப்படித்தான் செய்கின்றன. ஹம்சினி நடை பழகின நாளிலிருந்து பார்த்தது அது. சாமி கரைந்த மண்ணில் செடி நன்றாக வரும் என்பதை அவள் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை. படிக்காததனாலேயே அதைப் பற்றிச் சந்தேகமும் வரவில்லை.

துர்கா பூஜை முடிந்த வாரம் அவள் எங்கள் பாராக் குளத்தங்கரையில் நின்றுகொண்டிருந்தாள். பூஜை நடத்துகிற பெரிய கிளப்புகளின் விக்கிரகங்கள் லாரியில் ஏறிக் கங்கைக்குப் போய்விடும். எங்கள் பாராவும் பக்கத்துப் பாராக்களும் இந்தக் குளத்தில்தான் விடுவார்கள். துர்கை போனால் லட்சுமி, அப்புறம் காளி, தையில் சரஸ்வதி என்று வருஷம் பூராவும் அந்தக் குளத்தில் யாராவது ஒரு அம்மன் கரைந்துகொண்டே இருப்பாள். வைக்கோல் கூடு மிதக்கும், களிமண் படித்துறை ஓரமாகப் பாயசம்போலத் தேங்கும். குளம் தூர்ந்துபோகிறதே என்று கிளப் செக்ரெட்டரி நிமாய்தா வருஷா வருஷம் தலையில் அடித்துக்கொள்வார். ஹம்சினி போய் அந்த மண்ணையும் வைக்கோலையும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது அவருக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தமாதிரி இருந்திருக்கும்.

பிள்ளைகள் வரிசையாக நின்று கூடை மாற்றி மண் எடுத்தார்கள். அம்மன் வருஷத்துக்கு ஒருதடவை பிறந்த வீட்டுக்கு வருகிறாள், போகும்போது தன் உடம்பை நமக்கு விட்டுவிட்டுப் போகிறாள், அதிலிருந்து நாம் சாப்பிடுவோம் என்று ஹம்சினி வங்காளத்தில் சொன்னாள். அந்த வார்த்தைக்கு அப்புறம் அந்தப் பிள்ளைகளுக்கு அது மண்ணாகவே இல்லை, மா-எர் மாட்டி, அம்மாவின் மண். சுப்ரியா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள், முகத்திலும் புடவையிலும் பூசின வர்ணமெல்லாம் என்ன ஆகும் என்று. ஹம்சினி யோசிக்கக்கூட இல்லை. அது தண்ணீரோடு போய்விடும், அடியில் தங்குவது சுத்த மண் என்றாள். சுப்ரியா தலையாட்டிவிட்டுக் கூடையைத் தூக்கினாள்.

செடிகள் வந்தன. வராமல் என்ன. பாலக், சிவப்புக் கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி, வெண்டை எல்லாம் செங்கல் தொட்டிகளில் திமுதிமுவென்று எழுந்து நின்றன. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கிதிர்பூரிலிருந்தும், ஃபெரி பிடித்து ஹவுராவிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பத்திரிகைக்காரர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். வகுப்பு முடிந்து போகிறவர்கள் ஆளுக்கு ஒரு பை மண்ணைப் பிரசாதம்போல வாங்கிக்கொண்டு போய்த் தங்கள் மொட்டைமாடிகளில் தொட்டி வைத்தார்கள். அண்ணா அந்தப் பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரை நடையில் எல்லாரிடமும் காட்டினார் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் காட்டவில்லை, நான் ஏதாவது சொல்வேன் என்று பயம்.

இந்தப் பிள்ளைகளில் சரிதாவைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன். எங்கள் ஆபீஸ் கேட்டுக்கு வெளியே ஆண்டாள் இட்லி தோசைக் கடை வைத்திருக்கிறாள். அவள் மகன் மகேஷ் பட்டறையில் ஒப்பந்த ஆள், பழைய படகுகளின் பெயின்டைச் சுரண்டுகிற வேலை. அவன் பெண்டாட்டிதான் சரிதா. கரக்பூரில் பிறந்து வளர்ந்தும் ரயில்வே காலனித் தமிழும் தெலுங்கும் தவிர வேறு பேச்சு வராது. கல்யாணமாகி வந்த புதிதில் கடைக்குப் பின்னால் குனிந்தபடி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள், முகத்தைப் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. ஹம்சினிதான் ஆண்டாளிடம் மன்றாடி அவளைத் தோட்டத்துக்கு இழுத்து வந்தாள். அங்கேதான் அவள் வங்காளம் கற்றுக்கொண்டாள், அங்கேதான் முதல்தடவையாகச் சத்தமாகச் சிரித்தாள். ஒரு வருஷத்தில் புதிதாக வருகிற பையன்களுக்கு நாற்று நடக் கற்றுக்கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். ஹம்சினியக்கா சொன்னால் அவளுக்கு வேதவாக்கு.

அவள் உண்டானாள். மூன்றாம் மாசமே முகம் வெளிறிவிட்டது. ரத்தம் குறைவு என்றார்கள். ஹம்சினி விடுவாளா, தினம் காலையில் ஒரு கட்டுக் கீரையைத் தானே பறித்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவாள். பாலக் ஒருநாள், சிவப்புக் கீரை ஒருநாள். ரத்தம் ஏறவில்லை. ஏறவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் சாப்பிடு. சரிதாவுக்கு வயிற்றைப் பிசைந்தது, மலம் இறுகியது, தலைவலி விடவில்லை, வாயெல்லாம் கசந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம் என்று ஆண்டாளும் சொன்னாள், நானும் சொன்னேன். கசந்தாலும் ஹம்சினியக்கா கொடுத்ததாயிற்றே என்று அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் அவளைப் பார்த்தார். புருஷனுக்கு என்ன வேலை என்று கேட்டார். பெயின்ட் சுரண்டுகிறவன் என்றதும் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இருந்தது, இருக்கக் கூடாத அளவுக்கு இருந்தது. அவன் உடுப்பிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிற தூசிதான் காரணம் என்று எல்லாரும் நினைத்தோம். ஆண்டாள் மகனை வாசலிலேயே நிற்கவைத்துக் குளிக்கச் சொன்னாள். ஹம்சினி பட்டறைக்காரர்களை நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனாள். பிறகு மகேஷின் ரத்தத்தையும் பார்த்தார்கள். அவனுக்குப் பெண்டாட்டிக்கு இருந்ததில் பாதிகூட இல்லை.

அந்தச் செய்தியை நான்தான் ஆண்டாளிடம் கேட்டுக்கொண்டு வந்து வீட்டில் சொன்னேன். ஹம்சினி சாப்பிட உட்கார்ந்திருந்தாள். தட்டில் கீரை மசியல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, மகேஷ் கீரையே தொடமாட்டான் இல்லையா?"

தொடமாட்டான். கீரையை மாடு தின்னும், மனுஷன் மீன் தின்பான் என்று தோட்டத்துக்கே வந்து எல்லாரையும் கேலி செய்வான். நான் அதைச் சொல்லச் சொல்ல அவள் எழுந்து கை கழுவப் போய்விட்டாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

ஹம்சினியோடு கூடப் படித்த ஒருத்தி பரிசோதனைச் சாலையில் வேலை செய்கிறாள். மண்ணும் கீரையும் அவளிடம் போயின. பதில் போனில் வந்தது. விக்கிரகத்துக்குப் பூசுகிற மலிவுப் பெயின்டில் இருந்த ஈயம் தண்ணீரோடு எங்கும் போகவில்லை. மண்ணோடு மண்ணாக அடியில் உட்கார்ந்து, வருஷா வருஷம் சேர்ந்து, எங்கள் தொட்டிகளுக்கு வந்து, அங்கிருந்து கீரையில் ஏறியிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் பெயின்டில் என்ன இருக்கும் என்று. ஹம்சினிக்கு அது நன்றாகத் தெரியும், அதில் மார்க்கு வாங்கினவள். வாளித் தண்ணீரில் பிள்ளையார் கரைவதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, கரைந்துவிட்ட சாமியில் விஷம் இருக்கும் என்று தோன்றவேயில்லை. என்னை அடித்துப் போட்டிருந்தாலும் எனக்கும் தோன்றியிருக்காது. என் ரத்தத்திலும் கொஞ்சம் இருந்தது. நான் ஒண்டிக்கட்டை, எனக்கென்ன.

ஹம்சினி அண்ணாவுக்குப் போன் செய்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதையாக ஆகிவிட்டதே என்றார். அதோடு விடாமல், வெளியே யாருக்கும் சொல்லாதே, மழையைச் சாக்கிட்டு மெதுவாக மூடிவிடு, கேஸ் கீஸ் என்று வந்தால் யார் அலைவது என்றார். நான் போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். பழமொழி சொல்ல நேரம் பார்த்தார் பாருங்கள் என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னதில் பொய்யில்லை என்பதுதான் அந்தக் கோபத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஹம்சினி மறைக்கவில்லை. முதலில் சரிதாவிடம் போனாள், நானும் கூடப் போனேன். அடுப்படியில் ஆண்டாள் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். ஹம்சினி நின்றபடியே சொல்லி முடித்தாள். ஆண்டாள் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"தெரிஞ்சா செஞ்ச?"

இல்லை என்றாள் இவள். ஆண்டாள் மறுபடி மாவைக் கரைக்க ஆரம்பித்தாள். அதற்கு மேல் அவள் பேசியிருந்தால், வைதிருந்தால், நாலு வார்த்தை சாபம் விட்டிருந்தால் எங்களுக்குத் தேவலையாக இருந்திருக்கும். சரிதா வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு ஹம்சினியைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். குழந்தைக்கு என்ன ஆகும் என்பதை டாக்டரிடம் கேட்டாயிற்று. உடனே தெரியாது, பிறந்தாலும் தெரியாது, வளர வளரத்தான் தெரியும், பேச்சு வருகிறதா, படிப்பு ஏறுகிறதா என்று பார்க்கப் பார்க்கத்தான் தெரியும் என்று சொல்லியிருந்தார். மாத்திரை கொடுத்தார், அந்தக் கீரையை நிறுத்தச் சொன்னார். வயிற்றுக்குள் போனதை எடுக்க அவரிடமும் வழி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பிள்ளைகள் எல்லாரையும் உட்காரவைத்து, தன் தப்பு என்றே சொன்னாள். எதையும் சாப்பிடாதீர்கள், பிடுங்கிவிடுங்கள், மாடியில் இருக்கிற தொட்டிகளையெல்லாம் மூடுங்கள், சின்னக் குழந்தைகள் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.   எல்லாரும் போன பிறகு சுப்ரியா அருகில் வந்தாள். அன்றைக்கு நான் கேட்டேனே ஹம்சினிதி, என்றாள். குத்திக்காட்டச் சொல்லவில்லை, அழுதுகொண்டேதான் சொன்னாள். பிறகு அவள் வரவில்லை. விவசாயம் மேல்படிப்பு படிக்கப் போவதாக வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்த பெண், இப்போது செக்டர் ஃபைவில் ஏதோ கம்ப்யூட்டர் ஆபீஸில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் சொன்னதை நம்பியவர்கள் அப்படிப் போனார்கள். மண் என்றாலே இனி வேண்டாம் என்று கை கழுவிவிட்டார்கள், கேரம் போர்டைத் துடைத்துக்கொண்டார்கள். நம்பாதவர்கள் அதைவிட மோசம். அம்மாவின் மண்ணில் விஷமா, யார் சொன்னது என்றார்கள். மனையை யாரோ பில்டர் கேட்கிறான், அதற்காக ஹம்சினிதியை மிரட்டிச் சொல்லவைத்திருக்கிறார்கள் என்று நிமாய்தா கிளப்பில் சொன்னாராம், அது பாரா முழுக்கப் பரவிவிட்டது. அவள்மேல் யாருக்கும் கோபமில்லை. பாவம், அவளுக்கு என்ன கஷ்டமோ என்று பரிதாபப்பட்டார்கள். அவள் மாடி மாடியாக ஏறித் தொட்டி மண்ணைக் கொட்டிவிடும்படி கேட்டாள். டீ கொடுத்து உட்காரவைத்து, சரி தீதி, நாளைக்கே கொட்டிவிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். மறுவாரம் நான் ஆபீஸிலிருந்து வரும்போது அண்ணாந்து பார்த்தால் அதே மாடியில் சிவப்புக் கீரை தெரியும். அவளை நம்பக் கற்றுக்கொண்ட பிள்ளைகள், அவளே வந்து நம்பாதே என்றால் கேட்கவில்லை. அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

ஐப்பசியில் பூஜை வந்தது. விஜயதசமியன்று விக்கிரகங்களைக் குளத்தில் விட்ட மறுநாள் காலையிலேயே ஹம்சினி போய்ப் படித்துறையில் நின்றுகொண்டாள். வேண்டாமடி என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நானும் போய் நின்றேன். பையன்கள் சாக்கோடு வந்தார்கள். மண்ணை எடுக்காதீர்கள் என்று இவள் குறுக்கே நின்றாள். அவர்கள் சாக்கைக் கீழே வைத்துவிட்டு, பூஜை முடிந்து பெரியவர்களுக்குச் செய்கிற வழக்கப்படி ஒருவர்பின் ஒருவராகக் குனிந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். என் காலையும் தொட்டார்கள். ஒருவன் டப்பாவைத் திறந்து நாரு, அதான் தேங்காய் உருண்டை, ஒன்றை அவள் கையில் வைத்தான். அப்புறம் அவளைச் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். கூடையைக் கைமாற்றும்போது அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கினார்கள். அவள் அந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் வாயில் வந்ததையெல்லாம் அந்தப் பையன்களை வைதேன். பிஷிக்குக் கோபம் வந்துவிட்டது என்று சிரித்தார்கள்.

அதற்கப்புறம் அவள் வீட்டைவிட்டு வெளியே வருவது நின்றுபோயிற்று. பின்பக்க ஜன்னலைச் சாத்தியே வைத்தாள். டாலிகஞ்சுக்குப் போகிறாயா என்று கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள். சாப்பாட்டில் எதைப் போட்டாலும் ஒதுக்கினாள், அரிசியைக்கூட உற்றுப் பார்த்தாள்.  ஒரு பிடி கீரைக்கு இந்தப் பாடா என்று சில சமயம் அவள்மேலேயே எரிச்சல் வந்தது. வந்த மறுநிமிஷம் அழுகை வந்தது.

கார்த்திகையில் சரிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு, மற்றபடி கை கால் மூக்கு முழி எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஆண்டாள் கடையில் இட்லி கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள். நீங்க வந்து பாருங்கம்மா, அந்தப் பொண்ணையும் இட்டுக்கினு வாங்க என்றாள். பெரிய மனசு. என்னால் அந்த இடத்தில் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. ஹம்சினி வரமாட்டேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனேன், போய்ப் பார்த்தால் மனசு தேறும் என்று நினைத்தேன்.

ஒரே அறை. மத்தியான வெயில் வாசல்படி வரைக்கும் வந்திருந்தது. சரிதா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை. அது அழுதுகொண்டிருந்தது. சும்மா சிணுங்கல் இல்லை, முகம் கறுத்துப்போகிற அழுகை. ஆண்டாள் மூலையில் நின்று டப்பாப் பாலைச் சுடுதண்ணீரில் கலக்கிக்கொண்டிருந்தாள். ஏன், தாய்ப்பால் இல்லையா என்று நான் கேட்டேன். இருந்தது. சரிதாவின் ரவிக்கை முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்து வட்டமாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து இதே வாக்குவாதம்தான் என்றாள் ஆண்டாள், உடம்பில் இருக்கிற விஷம் பாலிலும் இருக்காதா, டாக்டருக்கென்ன, அவர் பிள்ளையா என்று.

ஹம்சினி வாசலிலேயே நின்றுவிட்டாள். சரிதா அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாங்கக்கா, இப்படி வந்து உக்காருங்க என்று கட்டிலில் இடம் விட்டாள். ஹம்சினி ஓரமாக உட்கார்ந்தாள். குழந்தையைத் தொடவில்லை.

"டாக்டர் குடுக்கலாம்னு சொல்றாருக்கா. எங்க அத்தை வேணாங்கறாங்க. எங்க வீட்டுக்காரரு உன் இஷ்டம்ங்கறாரு. நீங்க சொல்லுங்க, பால் குடுக்கலாமா?"

 டாக்டர் சொன்னதுதான் சரி என்று ஹம்சினிக்குத் தெரியும். அந்த ஈயத்தைப் பற்றி அதற்குள் அவள் படிக்காதது எதுவும் பாக்கியில்லை, சரிதாவின் ரத்தத்தில் இருக்கிற அளவுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். ஆனால் இன்னொருதடவை அந்தப் பெண்ணைப் பார்த்து இதைக் கொடு, நல்லது என்று சொல்ல வேண்டும். ஆண்டாள் கலக்குவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். சொல்லேண்டி என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

"டாக்டர் சொல்றபடி செய், சரிதா. என்னைக் கேக்காதே."

அவ்வளவுதான் அவளால் முடிந்தது. சரிதா புரியாமல் அவளைப் பார்த்தாள். குழந்தை அலறி அலறித் தொண்டை கம்மி, இப்போது விட்டு விட்டு இருமிக்கொண்டிருந்தது.

"டாக்டரை எனக்குத் தெரியாதுக்கா. உங்களைத்தான் தெரியும்."

ஹம்சினி தலையைக் குனிந்துகொண்டாள். ஆண்டாள் பாட்டிலோடு வந்து குழந்தையை மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். சரிதா தடுக்கவில்லை. அது ரப்பரைக் கடித்துத் துப்பித் துப்பி, பசி தாங்காமல் கடைசியில் குடிக்க ஆரம்பித்தது. அறையில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. சரிதா நனைந்த ரவிக்கையின்மேல் புடவையை இழுத்து மூடிக்கொண்டு, இன்னும் ஹம்சினி ஏதாவது சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.